பாரியா, எமிட்டா?

அன்பு மகனுக்கு,

டல்லாஸில் வேலைக்குச் சேர்ந்த கையோடு அமெரிக்கக் கால்பந்தில் நம் டெட்ராய்ட் லயன்ஸை விட்டு டல்லாஸ் கவ்பாய்ஸ் கட்சிக்கு மாறிவிட்டாய் என்பது நேற்றுப் பேசியபோதே தெரிந்துவிட்டது. டல்லாஸின் எமிட் ஸ்மித்தை மிஞ்சிய ரன்னிங் பேக், அதாவது பந்தை ஏந்தி ஓடும் வீரர், இன்னும் பிறக்கவே இல்லையாம்! மொத்தம் 18,355 யார்டு ஓட்டம், லீக்கின் இறுதிக் கோப்பையான சூப்பர் பவுல் மூன்று என்று அடுக்கினாய். போனில் என்னை வாய் திறக்கவிடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அந்த 18,355 வந்து சேர 15 பருவங்கள் ஆயின. நம் லயன்ஸின் பாரி சாண்டர்ஸ் பத்தே பருவங்களில் 15,269 யார்டு ஓடினார். ஓட்டத்துக்குச் சராசரி 5 யார்டு, எமிட்டுக்கு 4.2. எமிட்டுக்கு வழி திறந்துவிட எதிராளிகளைத் தடுக்கும் லாரி ஆலன் போன்ற மலைகள் முன்னால் நின்றார்கள். பாரிக்கோ, பந்து கைக்கு வரும்போதே பல நேரம் எதிராளியும் வந்து நிற்பான்.

உங்கள் டல்லாஸையே எடுத்துக்கொள். 1992 ஜனவரி, லயன்ஸின் மைதானமான பான்டியாக் சில்வர்டோமில் டல்லாஸுடன் பிளே-ஆஃப், அதாவது தோற்றால் வெளியேறும் ஆட்டம். பாரி நடுவில் புகுந்தார். டல்லாஸ்காரர்கள் கும்பலாக மொய்த்துக்கொண்டார்கள். கதை முடிந்தது என்று எல்லோரும் விசிலுக்குக் காத்திருக்க, அந்த நெரிசலிலிருந்து அவர் மட்டும் உருவிக்கொண்டு வெளியே வந்தார். 47 யார்டு ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டினார், டச் டவுன்! ஆட்டம் பாட்டம் எதுவும் கிடையாது. டச் டவுன் போட்டால் பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவதுதான் அவர் வழக்கம். அன்று 38-6 என்று தோற்ற அணியில் உன் எமிட்டும் இருந்தார்.

பாரி காலத்தில் லயன்ஸ் வென்ற பிளே-ஆஃப் அது ஒன்றுதானே என்பாய். ஆமாம். 1994 பருவத்துப் பிளே-ஆஃபில் கிரீன் பே அணியிடம் 13 முறை ஓடி ஒரு யார்டை இழந்ததும் உண்மைதான். பெரிய ஓட்டத்துக்கு ஆசைப்பட்டுப் பின்னால் சுற்றி, கையிலிருப்பதையும் தொலைப்பார். மூன்று யார்டு தேவையென்றால் மூன்று யார்டை முட்டி எடுப்பதில் எமிட் கெட்டிக்காரர். 1994 ஜனவரியில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு எதிராகத் தோள்மூட்டு விலகியும் 168 யார்டு ஓடி வென்று கொடுத்தாரே, அதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். நீ கோப்பைக் கணக்கை விட்டுவிட்டு அதைச் சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் தடுமாறியிருப்பேன்.

மொத்த யார்டைத் துரத்தாத மனிதரை மொத்த யார்டால் எப்படி அளப்பது? 1989இல், முதல் பருவத்தின் கடைசி ஆட்டம். அந்தப் பருவத்தில் அதிக யார்டு ஓடியவர் என்ற லீக்கின் முதலிடத்தை எட்டப் பத்தே யார்டு பாக்கி. திரும்ப இறங்குகிறாயா என்று பயிற்சியாளர் கேட்டும், வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். 1999இல் வால்டர் பேட்டனின் அன்றைய மொத்த ஓட்டச் சாதனைக்கு 1,457 யார்டே பாக்கி இருந்தபோது, சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பி ஓய்வு பெற்றார். வயது 31! லயன்ஸ் ரசிகனாக அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு. அது வேறு கணக்கு.

தேங்க்ஸ்கிவிங்குக்கு வா. அன்று இரண்டு அணிகளும் ஆடும், மிச்சத்தை நேரில் பேசிக்கொள்ளலாம். அம்மா எதிரில் மட்டும் பழைய ரன்னிங் பேக் ஜிம் பிரவுன் பெயரை எடுத்துவிடாதே. ஒன்பதே பருவங்கள் ஆடி, எட்டில் ஓட்ட யார்டில் லீக்கின் முதலிடம் பிடித்தவர் அவர் என்று அம்மா ஆரம்பித்தால், நாம் இருவரும் எழுந்து போக வேண்டியதுதான்.

அன்புடன்,
அப்பா