சுருட்டை விரியனின் மணல்மேடுகளைக் காத்துத் தாருங்கள்

வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளவத்தையில் முப்பது வருடங்களாக வசித்து வந்தாலும், வடமராட்சி கிழக்கின் மணற்காட்டு மேடுகளில் கால் புதையப் புதைய நடந்து வளர்ந்தவன் என்ற உரிமையோடு இம்மடலை எழுதுகிறேன். யானைக்காகவும் சிறுத்தைக்காகவும் பேச கொழும்பில் பலர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது சுருட்டை விரியன் என்ற விஷப் பாம்புக்காக.

தார்ப் பாலைவனத்திலும் ஈரான், அரேபிய வறள்நிலங்களிலும் வாழும் இவ்வினத்துக்கு, பாலைவனமே இல்லாத எமது தீவில் வாய்த்திருப்பது கரையோர வறள் வலயத்தின் மணலும் பற்றைகளுமே. சிங்களத்தில் இதனை மணல் விரியன் எனப் பொருள்படும்படி ‘வெலி பொலங்கா’ என்றே அழைக்கிறார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும். மணலில் பாதி புதையுண்ட பழைய தேவாலயத்தின் பக்கமாக அப்பாவுடன் வந்துகொண்டிருந்த ஓர் இரவில், இராவணன் மீசைப் புற்பற்றையடியிலிருந்து, சுட்ட தாச்சியில் தண்ணீர் தெளித்தாற்போன்ற சத்தம் கேட்டது. அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தி டோர்ச் அடித்தார். ஒன்றரை அடிகூட இராத அந்தப் பாம்பு, உடலை வளைவு வளைவாக மடித்து, அரம்போன்ற விலாச் செதில்களை ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தது. வாயால் சீறினால் மூச்சோடு ஈரமும் போய்விடும். அந்த ஈரத்தைச் சேமிக்கவே இவ்வாறு ஒலியெழுப்புகிறது என்று கருதப்படுவதைப் பின்னாளில் வாசித்தறிந்தேன். மறுநாள் காலை அதன் தடம், ஒன்றையொன்று தொடாத சாய்ந்த கோடுகளாக மேட்டில் ஏறியிருந்தது.

அதன் விஷத்தை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. என் மாமி ஒருவரை அது கடித்து, அவருடைய பல்முரசால் இரத்தம் கசிந்தது. பெரியாஸ்பத்திரியில் அவருடைய இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் வைத்து, உறையவில்லை என்று கண்டு, விஷமுறி மருந்து ஏற்றியே காப்பாற்றினார்கள். ஆயினும் பகலில் தளர்ந்த மணலுக்குள் தலை மாத்திரம் தெரியப் புதைந்து கிடந்து, இரவில் தேளையும் பூரானையும் எலியையும் தின்று வாழும் உயிர் அது. மேட்டை வெட்டி டிப்பரில் ஏற்றி, பற்றையையும் எரித்துவிட்டால், எமது விறகுக் குவியலையும் வேலியடியையும் விட்டால் அதற்கு வேறு போக்கிடம் எது?

ஆகவே, மணற்காட்டிலிருந்து, 2015இல் தேசியப் பூங்காவான சுண்டிக்குளம் வரையுள்ள மணல்மேடுகளில் அகழ்வுக்கோ கட்டடத்துக்கோ இடமளிக்கப்படுமுன், அங்குள்ள ஊர்வன இரவு வேளைகளில் கணக்கெடுக்கப்பட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்; பகலில் மட்டும் சென்று பார்ப்பவர் கண்ணில் சுருட்டை படாது, அறிக்கையிலும் அது இடம்பெறாது. இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் இன்னும் மூடிநிற்கும் மேடுகளையாவது கைபடாமல் ஒதுக்கித் தாருங்கள். கணக்கெடுப்புக்கு வழிகாட்ட ஆள் தேவையென்றால், அங்குள்ள ஒற்றையடிப் பாதைகள் எனக்குத் தெரியும். சொந்தச் செலவில் வந்து நடக்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில் வாழும் மணற்காட்டான் ஒருவன்