முகமூடிக்குக் கீழே எழுத வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் மேற்கு ஆப்பிரிக்கக் கிராம வாழ்க்கை பற்றிய பழைய படங்கள் ஒரு முழுப் பக்கத்துக்கு வந்திருந்தன. படங்களில் குறையில்லை. கீழே போட்டிருந்த வரிகளில்தான் குறை. நடுவில் பெரிதாக அச்சிட்ட படத்துக்கு ‘முகமூடி அணிந்து ஆடும் ஆப்பிரிக்கப் பழங்குடிப் பெண்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த மரச்சிற்பம் முகத்தில் இல்லை. தொப்பி மாதிரி தலைமேல் கவிழ்ந்திருக்கிறது, அதன் விளிம்பிலிருந்து தொங்கும் துணிதான் முகத்தை மறைக்கிறது. அது நைஜீரியா, பெனின் நாடுகளில் வாழும் யொருபா மக்களின் கெலெடெ ஆட்டம். ஆடுபவர்கள் ஆண்கள். பொய் மார்பும் இடுப்பும் வைத்துக் கட்டி, பெண்களின் துணிகளை உடுத்தி, ஊரின் மூத்த தாய்மார்களுடைய சக்தியைப் போற்றி ஆடுகிறார்கள். பெண்களே முகமூடி அணிவது சியரா லியோனில், மெண்டே மக்களின் சாண்டே சங்கத்தில். இரண்டும் வேறு நாடு, வேறு மொழி, வேறு சடங்கு. பெரியபட்டினத்து முளைப்பாரி ஊர்வலத்தை நைஜீரியாவின் லாகோஸ் நகரப் பத்திரிகை ஒன்று ‘செடி சுமக்கும் ஆசியப் பழங்குடிகள்’ என்று போட்டால் நாம் சும்மா இருப்போமா?

இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை இன்று கரைவலையையும் முளைப்பாரியையும் ஏர்வாடி சந்தனக்கூட்டையும் படமெடுக்காத கல்லூரி மாணவர் குறைவு. எடுத்ததெல்லாம் பெயரும் ஊரும் இல்லாமல் போனிலேயே கிடக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் மானிடவியலாளர்கள் நூறு ஆண்டுக்கும் மேலாக எடுத்த படங்களில் எது பயன்பட்டது, எது வீணானது என்று பார்த்தால் இங்கே படமெடுப்பவர்களுக்குப் பாதித் தவறு குறையும்.

நார்த்கோட் தாமஸ் 1909 முதல் 1915 வரை தெற்கு நைஜீரியாவிலும் சியரா லியோனிலும் பிரிட்டிஷ் அரசின் மானிடவியலாளராக இருந்தவர். அவர் எடுத்தவை ஃபிலிமுக்குப் பதிலாக அன்று பயன்பட்ட கண்ணாடித் தகடுகளில், ஆயிரக்கணக்கில். ஆளை நிறுத்தி முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று போலீஸ் ஸ்டேஷன் படம் போல எடுத்தார். அன்றைய ‘இன வகை’ ஆராய்ச்சிக்காக எடுத்த அந்தப் படங்களை இன்று பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் பலவற்றுக்கு ஆளின் பெயரையும் ஊரையும் குறித்து வைத்தார். அதனால்தான் அண்மை ஆண்டுகளில் அந்தப் படங்களை நைஜீரியாவின் எடோ, இக்போ மக்களின் ஊர்களுக்கு எடுத்துப்போனபோது பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டனைக் கண்டுகொள்ள முடிந்தது. எந்த நோக்கத்துக்காக எடுத்தாரோ அது செத்துப்போனது. ஓரத்தில் எழுதிய பெயர் பிழைத்தது.

பெயரை மட்டும் எழுதினாலும் போதாது. கானாவின் அக்கான் மக்களிடம் பிறந்த கிழமையே பெயர். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, சனிக்கிழமை பிறந்தவன் குவாமே. ‘கோஃபி, மேளம் அடிப்பவர்’ என்று எழுதி வைத்தால் ஊரில் இருபது கோஃபி வந்து நிற்பார்கள். நம் பக்கமும் அதேதான். ஏர்வாடியைச் சுற்றி இப்ராகிமுக்கும் கிழக்கே முனியசாமிக்கும் பஞ்சமே இல்லை. தகப்பன் பெயர், பட்டப்பெயர், எந்தத் தெரு, எந்தப் படகு என்று கூடவே எழுதினால்தான் ஆள் கிடைப்பார்.

தேதியை இரண்டு விதமாக எழுத வேண்டும். அக்கான் மக்களில் ஒரு பிரிவான அசாந்தேக்களின் நாட்டில் அடாயே என்ற முன்னோர் வழிபாடு 42 நாள் சுழற்சியில் வருகிறது. ஆங்கிலத் தேதியை மட்டும் குறித்திருந்தால் அது சடங்கு நாளா சாதாரண நாளா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. இங்கே ‘ஜூலை 26’ என்பதோடு ‘ஆடி இரண்டாம் வெள்ளி’ போன்ற குறிப்பும், சந்தனக்கூடு என்றால் இஸ்லாமிய நாட்காட்டியின் துல்கஃதா மாதப் பிறையும் வேண்டும். மாலியில் டோகோன் மக்களின் சிகுய் என்ற சடங்கு 60 ஆண்டுக்கு ஒருமுறை வருவது. ஊர் ஊராக நகர்ந்து முடியப் பல ஆண்டுகள் ஆகும். பிரெஞ்சு மானிடவியலாளர்களான ஜான் ரூஷும் ஜெர்மேன் டியேதர்லனும் 1967 முதல் 1973 வரை ஆண்டுதோறும் பின்தொடர்ந்து போய்ப் படம் பிடித்தார்கள். ஒரே ஆண்டோடு நிறுத்தியிருந்தால் சடங்கின் ஒரு துண்டுதான் கையில் இருந்திருக்கும்.

வெளிச்சக் கணக்கில் பலரும் சறுக்குகிறார்கள். கேமராவின் மீட்டர் எதிரில் இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக நினைத்துக் கணக்குப் போடுகிறது. கறுத்த முகத்துக்குப் பின்னால் வெள்ளை மணலோ வானமோ வெள்ளை வேட்டியோ இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். முகம் கரிக்கட்டை ஆகிவிடும். பழைய ஆப்பிரிக்கப் படங்களில் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும் முகங்களைப் பார்த்திருப்பீர்கள். அது எடுத்தவரின் பிழை, ஆளின் நிறத்தின் குற்றமல்ல. கலர் ஃபிலிம் கம்பெனிகளும் நெடுங்காலம் வெள்ளைத் தோலை வைத்தே நிறத்தைச் சரிபார்த்து வந்தன என்பதும் சேர்ந்துகொண்டது. தனுஷ்கோடி மணலில் வலை இழுப்பவரை எடுக்கும்போதும் இதே சிக்கல்தான். முகத்திலேயே மீட்டர் பார்த்தால், கிடைக்கும் அளவைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தைப் பாதியாக்கும் அல்லது இரட்டிப்பாக்கும் அளவு) குறைத்து வைக்கலாம். முழுக் காட்சியையும் அளந்தால் ஒரு ஸ்டாப் முதல் ஒன்றேகால் ஸ்டாப் வரை கூட்ட வேண்டும். இரண்டுமே குழப்பமாக இருந்தால் அதே வெயிலில் உங்கள் உள்ளங்கையை நீட்டி அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். உள்ளங்கையின் வெளுப்பு எந்த ஊர்க்காரருக்கும் பெரிதாக மாறாது. மணல் கொஞ்சம் வெளிறினால் வெளிறட்டும்.

பழைய படத்தைப் படிப்பவர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அந்தக் காலத்துத் தகடுகளில் பெரும்பாலானவை சிவப்பு ஒளியை உணராதவை. செம்மண், குங்குமம், சிவப்புத் துணி எல்லாம் கறுப்பாகவே விழும். நீல வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அசாந்தே துக்க வீட்டில் கறுப்பும் உண்டு, சிவப்பும் உண்டு. நெருங்கிய உறவினர் சிவப்பு உடுத்துவது வழக்கம். தகட்டில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் யார் நெருங்கிய சொந்தம் என்ற செய்தியே மறைந்துபோனது. ‘எல்லோரும் கறுப்பு உடுத்தியுள்ளனர்’ என்று அந்தப் படத்தை வைத்து எழுதினால் தவறு. துணியின் நிறத்தை நோட்டில் எழுதியிருந்தால் மட்டுமே மீளும்.

எங்கே நிற்பது? கெலெடெவில் சிற்பத்தின் மேல்பகுதியில்தான் கதையே இருக்கும். பாம்பு, பறவை, சந்தைக்காரி, தையல் மிஷின் வரை செதுக்குவார்கள். கீழிருந்து எடுத்தால் அது வானத்தோடு கலந்து நிழலுருவாகிவிடும். ஒரு முக்காலி உயரம் ஏறி, பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டும். டோகோன் மக்களின் கனகா முகமூடியில் உச்சியில் இரட்டைச் சிலுவை போன்ற சட்டம் நிற்கும். ஆடுபவர் இடுப்பை வளைத்து, அந்தச் சட்டத்தின் முனை தரையைத் தொடுகிற அளவுக்குச் சுழற்றுவார். 1/500 நொடியில் எடுத்தால் சட்டம் துல்லியம், சுழற்சி தெரியாது. 1/30 நொடியில் எடுத்தால் சுழன்ற தடம் தெரியும், முகமூடி கலங்கும். இரண்டும் எடுக்க வேண்டும், ஒன்றை வைத்து மற்றதைப் படிக்கலாம். பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் கிரியோல் 1930களில் டோகோன் இறப்புச் சடங்குகளைப் பதிவு செய்தபோது ஒருவரே ஓடி ஓடி எடுப்பதை நம்பவில்லை, ஆட்களைப் பல இடங்களில் நிறுத்தினார். முறை நல்ல முறை. (1931 முதல் 1933 வரை அவர் தலைமையில் போன பயணக்குழு சில ஊர்களில் சடங்குப் பொருட்களை மிரட்டியும் திருட்டுத்தனமாகவும் எடுத்துப்போனதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

கரைவலைக்கும் இரண்டு பேராவது வேண்டும். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டு, படகு வலையை அரைவட்டமாகக் கடலில் வளைத்து இறக்கி, மறுதலைப்பைத் தள்ளிக் கொண்டுவந்து கொடுக்கும். இரண்டு கூட்டமும் இழுத்துக்கொண்டே ஒன்றையொன்று நோக்கி நகரும். ஒரு கூட்டத்தோடு நிற்பவருக்கு இன்னொரு கூட்டம் புள்ளியாகத்தான் தெரியும். படமெடுப்பவர்கள் எல்லோரும் மீன் சேரும் வலைப்பையான மடி கரை சேரும் அந்தப் பத்து நிமிடத்துக்காகக் காத்திருக்கிறார்கள். மீன் துள்ளும் படம் ஆயிரம் இருக்கிறது. கயிற்றில் முதல் ஆளாக யார் நிற்கிறார், வந்த கயிற்றைச் சுருட்டுபவர் யார், மீனை எப்படிப் பிரிக்கிறார்கள், கடைசியில் வலையை எப்படி உலர்த்துகிறார்கள் என்பதற்குப் படம் தேடினால் கிடைக்காது. கெலெடெவுக்கும் இதே கதி. முந்தைய இரவில் எஃபெ என்ற பகுதி உண்டு. தவறு செய்தவர்களைப் பாட்டுப் பாடியே வறுத்தெடுப்பார்கள். ஆட்டம் மறுநாள் பிற்பகலில் சந்தையில். படத்தொகுப்புகளில் பகல் குவிந்து கிடக்கிறது, இரவு அபூர்வம். வெளிச்சம் இல்லை என்பதே காரணம்.

அனுமதி என்பது ஊர்த்தலைவரிடம் ஒருமுறை தலையாட்டல் வாங்குவதோடு முடியாது. எடுக்கலாமா, யாருக்குக் காட்டலாம், அச்சிடலாமா என்பவை மூன்று தனிக் கேள்விகள். டோகோன் முகமூடிகளைக் கிராமத்துக்கு வெளியே குகையில் வைத்திருப்பார்கள், பொதுவாகப் பெண்கள் அங்கே போகக் கூடாது. அந்த இடத்துப் படத்தை ஊர்ச் சுவரில் ஒட்டினால் எடுத்தவர் ஊருக்குத் துரோகி. நம் ஊரில் முளைப்பாரி வளரும் இருட்டறையும் அப்படித்தான். வெளியாள் எட்டிப் பார்க்கக் கூடாது என்றால் கதவுச் சந்தில் போனை நீட்டுவதும் எட்டிப் பார்ப்பதுதான். மூடிய கதவைப் படமெடுங்கள். உள்ளே என்னென்ன தானியம், எத்தனை நாள், யார் தண்ணீர் தெளிப்பது என்று கேட்டு எழுதுங்கள். ஏர்வாடியில் மனநலம் வேண்டித் தங்கியிருப்பவர்களின் முகத்தை எடுக்கவே வேண்டாம். அவர்களிடம் சம்மதம் வாங்கியதாகச் சொல்வதற்கு அர்த்தமில்லை.

‘இயல்பா இருங்க, கேமராவைப் பாக்காதீங்க’ என்று அதட்டுவதும் தவறு. யொருபா ஊர்களில் மூத்தவர்கள் படத்துக்கு நேராக உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, துணியை விரித்துவிட்டு, கேமராவை நேருக்கு நேர் பார்ப்பார்கள். உடம்பு முழுதும் வர வேண்டும். அது விறைப்பு அல்ல, அந்த வயதுக்குரிய மரியாதை. நம் பெரியவர்களும் சட்டையை மாட்டி, தலை வாரி, வாசலில் நேராக நிற்பார்கள். முதலில் அவர்கள் விரும்பும் படத்தை எடுத்துவிடுங்கள். வேலை செய்யும் படம் பிறகு தானாகக் கிடைக்கும். பிரிண்ட் கேட்டால் முந்தையதைத்தான் கேட்பார்கள், வீட்டில் மாட்டுவதும் அதைத்தான்.

பிரிண்டைத் திருப்பிக் கொண்டுபோவது தர்மத்துக்காக மட்டுமல்ல. அமெரிக்க மானிடவியல் படப்பதிவாளர் ஜான் காலியர் 1957இலேயே, படத்தைக் கையில் கொடுத்துப் பேச வைத்தால் வெறும் கேள்வியில் வராத செய்தி வரும் என்று எழுதினார். 4க்கு 6 அங்குலத்தில் இருபது படத்துக்கு மேல் ஒரே உட்காரலில் வேண்டாம், பேச்சு களைத்துவிடும். சொன்னதைப் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுத வேண்டும். பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மையும் ஊறும்.

சேமிப்பில் நமக்கும் கினியா வளைகுடாவுக்கும் ஒரே எதிரி, ஈரம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நிலைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். ரப்பர் விளிம்புள்ள டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். அரிசி பெரிதாக உதவாது, தூசிதான் சேரும். அங்கே வடக்கில் ஹர்மட்டான் காற்று டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை சஹாராவின் புழுதியைக் கொண்டுவரும். இங்கே உப்புத்தூள். கடற்கரையிலிருந்து வந்ததும் துணியால் தேய்க்காதீர்கள், முதலில் ஊதித் தள்ளுங்கள். இன்னும் ஃபிலிம் கழுவுபவர்கள் கரைசல்கள் எல்லாவற்றையும் ஒரே வெப்பத்தில் வைக்க வேண்டும். 20 டிகிரி டெவலப்பரிலிருந்து 30 டிகிரி குழாய்த் தண்ணீருக்குத் தூக்கிப் போட்டால் ஜெலட்டின் ஊறிச் சுருங்கி வலைப்பின்னல் போல வெடிக்கும். படத்தை நிலைப்படுத்தும் ரசாயனமான ஹைப்போவை நீக்கக் கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட வேகமாக வேலை செய்யும். ஆனால் கடைசி அலசல் நல்ல தண்ணீரில்தான். உப்பு தங்கினால் படம் போச்சு.

டிஜிட்டலில் படம் கெடுவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் நிற்கும். கேமராவின் கடிகாரத்தை முதல் படத்துக்கு முன்பே சரிபார்த்து, அந்த நாளின் முதல் படமாகக் கைக்கடிகாரத்தையே ஒன்று எடுத்துவிடுங்கள். பிறகு நேரம் பிசகினாலும் கணக்குப் போட்டுத் திருத்தலாம்.

தங்கள் பத்திரிகையிடம் கேட்பது இது. வரும் வாரம் அந்தப் படத்துக்கு ‘யொருபா மக்களின் கெலெடெ ஆட்டம், ஆடுபவர்கள் ஆண்கள்’ என்று திருத்தம் போடுங்கள். ஊர், ஆண்டு, எடுத்தவர் பெயர் மூலப்படத்தில் இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் ‘ஊரும் ஆண்டும் குறிக்கப்படவில்லை’ என்று அச்சிடுங்கள். அந்த வரியைப் பார்த்து, தெரிந்த வாசகர் யாராவது எழுதக்கூடும்.

இப்படிக்கு,
களப் படப்பதிவில் ஈடுபட்டுள்ள சிலர்,
கீழக்கரை – மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்