பழியைச் செம்புக் கம்பி மேல் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஃபைபர் இணைப்பு பற்றி வந்த கட்டுரையை ஆவலோடுதான் எடுத்தேன். “பேசுவதற்காகப் போட்ட செம்புக் கம்பியில் அதற்கு மேல் என்ன வேகம் வந்துவிடும்?” என்று அதில் ஒரு வரி. அதற்கப்புறம் படிக்க மனம் வரவில்லை. தொலைபேசிக் கேபிள்களை இணைக்கும் ஜாயின்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

தாங்கள் அறியாததல்ல. தொலைபேசியில் குரலுக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை போதும். போன் போட்டே நெட்டில் சேர்ந்த டயல்-அப் காலத்தில் வேகம் 56 கே-யை, அதாவது நொடிக்கு 56,000 பிட்டைத் தாண்டாததற்குக் காரணம் எக்ஸ்சேஞ்சில் இருந்தது. குரலை எண்ணாக மாற்றும் கார்டு ஒரு லைனுக்கு நொடிக்கு 64,000 பிட்டுக்கு மேல் தராது. கம்பி பாவம், அது என்ன செய்யும்? போன் கம்பியிலேயே பிராட்பேண்ட் தரும் ஏடிஎஸ்எல் வந்தபோது, 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அதே கம்பியில் சும்மா கிடந்த இடத்தைப் பயன்படுத்தினார்கள். 1104 கிலோஹெர்ட்ஸ் வரை அதைச் சின்னச் சின்ன வாய்க்கால்களாகப் பிரித்தார்கள். மோடத்தைப் போட்டதும் அது ஒவ்வொன்றையும் சோதித்து, சுத்தமாக இருப்பதில் அதிக பிட்டும் இரைச்சல் உள்ளதில் குறைவாகவும் ஏற்றும். எக்ஸ்சேஞ்சில் குரலைத் தனியே பிரித்துவிட்டு, டேட்டாவை டிஸ்லாம் என்ற கருவி வாங்கிக்கொள்ளும். அடுத்து வந்த ஏடிஎஸ்எல்2+ இதையே 2208 கிலோஹெர்ட்ஸ் வரை நீட்டியது. எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்திலிருந்தால் 24 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2.4 கோடி பிட்) வரை தரக்கூடிய ஏற்பாடு அது. தூரம் கூடக்கூட மேல் அலைவரிசைகள் முதலில் தேய்ந்துபோகும். நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் 2004-ல் வந்த அரசின் பிராட்பேண்ட் கொள்கை 256 கேபிபிஎஸ் (நொடிக்கு 2,56,000 பிட்) இருந்தாலே போதும் என்றது. அந்த அளவுக்குப் பிளான் போட்டுக் கொடுத்துவிட்டு, கம்பிக்குச் சக்தி இல்லை என்று சொல்வது என்ன நியாயம்?

கம்பி எதனால் கெட்டது என்று யாராவது எழுதினீர்களா? குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் ஜேசிபி வைத்துத் தோண்டி, கேபிளை அறுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். சேர்க்க வந்தவர்களுக்கு ஜாயின்டிங் கிட் கிடைக்காது. ஒருமுறை மழைக்கு அப்புறம் ஒரு குழியைத் திறந்தேன். ஜாயின்டைப் பாலித்தீன் பையில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பிரித்தால் உள்ளே தண்ணீர், கம்பி முனையெல்லாம் பச்சைக் களிம்பு. அந்தத் தெருவில் போனில் பேச்சு கரகரவென்றாவது கேட்டது, நெட் மட்டும் நிலைக்கவே இல்லை. களிம்பை வெட்டி எறிந்துவிட்டுப் புது ஜாயின்ட் போட்ட அன்று சாயங்காலமே எல்லா வீட்டிலும் மோடம் விளக்கு நிலையாக எரிந்தது. அதே பழைய செம்புக் கம்பிதான், ஐயா! எங்களுக்குப் பின் ஓய்வு பெற்றவர்களின் இடத்துக்கும் ஆள் போடவில்லை. அதைப் பற்றி அப்போதே தங்களுக்கு எழுதினேன். இடம் இல்லையோ என்னவோ, வரவில்லை.

வீடுகளிலும் அப்படித்தான். மணி அடித்தால் நெட் போகிறது என்று ஒரு அம்மா அலுத்துக்கொண்டார். போய்ப் பார்த்தால், படுக்கையறை எக்ஸ்டென்ஷன் போன், குரலையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் பெட்டிக்கு முன்னாலேயே நேராக லைனில் சேர்ந்திருந்தது. மணிக்காக வருவது 75 வோல்ட் மின்சாரம். ஸ்ப்ளிட்டர் வழியாக வராத போன் நடுவில் இருந்தால் மோடம் எப்படித் தாங்கும்? ஒயரை ஸ்ப்ளிட்டரின் போன் பக்கம் மாற்றியதும் சரியாகிவிட்டது. மாதக்கணக்கில் புகார் கொடுத்த அந்த வீட்டுக்கு, மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்பதைத் தவிர வேறு பதில் போகவில்லை. இதையெல்லாம் எழுத ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாமே.

ஃபைபர் வரட்டும், நல்லது. ஃபைபர் இன்னும் போகாத தெருக்களில் தரைவழி போனையே நம்பியிருப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே லைன், போன், மோடம் மூன்றும் ஸ்ப்ளிட்டரில் எங்கெங்கே சேர வேண்டும் என்று ஒரு சின்னப் படமும் வெளியிட்டால் போதும். படத்தை வரைந்து இந்தக் கடிதத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேபிள் ஜாயின்டர் ஒருவர்