செயலாளரின் ஆண்டறிக்கை: கடன் வாங்கிய போடியம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பசியோடு காத்திருக்கும் உறுப்பினர் குடும்பங்களுக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. ஜூலையில் மட்டும் பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்ததால் கூட்டம் நடக்கவில்லை. தீபாவளி, பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, கோடைச் சுற்றுலா நான்கும் நடந்தேறின. தீபாவளியன்று சாம்பார் போதவில்லை என்ற புகார் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியிருக்கிறது. வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வளவும் எல்லா ஆண்டும் உள்ளதுதான். இந்த ஆண்டுக்கே உரியது ஒரு மரப்பெட்டி. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

பொங்கல் விழாவில் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் மூன்று வரிசையாக நின்று பாடியது நினைவிருக்கும். பாட்டு ஆசிரியை உயரம் குறைந்தவர். பின்வரிசைக்குத் தன் கை தெரியட்டும் என்று பிளாஸ்டிக் பால்கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நின்றார். இரண்டாம் பாட்டில் கூடை வழுக்கியது. மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு விழாமல் தப்பினார். ஆனால் தாளம் தப்பவில்லை என்று சொல்ல முடியாது. முன்வரிசை சரணத்தில் இருந்தபோது பின்வரிசை பல்லவிக்குத் திரும்பிவிட்டது. கூடையைக் கொண்டுவந்து கொடுத்தவன் நான்தான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

நம் உறுப்பினர் ஒருவரின் மகள் இங்குள்ள ஒரு கல்லூரியின் பெப் பேண்டில் டிராம்போன் வாசிக்கிறாள். “எங்கள் பழைய போடியம் சும்மாதான் கிடக்கிறது, கேட்டுப் பார்க்கட்டுமா மாமா?” என்றாள். சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பே பெட்டி வந்து சேர்ந்தது.

பெப் பேண்ட் என்றால் என்னவென்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி போன்ற ஆட்டங்களில் பார்வையாளர் படிக்கட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து, இடைவேளை கிடைக்கும்போதெல்லாம் வாசித்துக் கூட்டத்தைக் கிளப்பும் மாணவர் குழு அது. இலையுதிர் காலத்தில் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் அணிவகுக்கும் பெரிய பேண்டின் குளிர்காலக் குட்டி என்று வைத்துக்கொள்ளலாம். அதை நடத்துபவர் ஏறி நிற்பதுதான் போடியம். அவரை நடத்துநர் என்று எழுதினால் எனக்கு டிக்கெட் கொடுப்பவர்தான் நினைவுக்கு வருகிறார். ஆகவே கையசைப்பவர் என்றே எழுதுகிறேன்.

நமக்கு வந்த பெட்டி ஏறக்குறைய மூன்றடிச் சதுரம், ஒரு சாண் உயரம். ஒட்டுப்பலகையால் செய்து, மேலே சாம்பல் நிறக் கம்பளம் ஒட்டியிருக்கிறார்கள். கம்பளத்தில் இரண்டு இடம் நூல் தெரியத் தேய்ந்திருக்கிறது. இரண்டு பாதம் வைக்கும் இடம். இடது பாதத்தின் இடம் கூடுதலாகத் தேய்ந்திருப்பதைப் பார்த்தால், ஏறியவர்களில் பலர் இடது குதிகாலால் தாளம் தட்டியிருக்க வேண்டும். பெட்டியைக் கவிழ்த்தால் அடிப்பலகை முழுவதும் பெயர்களும் ஆண்டுகளும், மார்க்கர் பேனாவில். படிப்பு முடிந்து போகிறவர்கள் போட்ட கையெழுத்துகள். ஓர் ஓரத்தில் ‘29’ என்று மட்டும் பெரிதாக எழுதி வட்டம் போட்டிருந்தது. அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியக் கூடைப்பந்துப் போட்டித் தொடருக்கு ஒரு கல்லூரி 29 வாத்தியக்காரர்களைத்தான் அழைத்துப் போகலாமாம். வட்டம் போட்டவர் 29ஆவது ஆளாகப் போனவரா, 30ஆவதாக நின்றுபோனவரா என்பது அவளுக்கும் தெரியவில்லை.

உயரம் எதற்கு என்ற கேள்விக்கு மைதானத்தில்தான் விடை இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அமெரிக்கக் கால்பந்து ஆடுகளத்தின் கோட்டுக்குக் கோடு 100 கஜம், அதாவது 91 மீட்டர். ஒரு கோடியில் அடித்த முரசு மறுகோடிக்குக் கேட்கக் கால் நொடிக்கு மேல் ஆகிறது. நிமிடத்துக்கு 120 தட்டு என்று வாசிக்கும்போது அது அரைத் தட்டுக்கும் அதிகம். காதை நம்பினால் பேண்ட் இரண்டாகப் பிளந்துவிடும். எல்லாரும் கண்ணால் ஒரே கையைப் பார்த்தாக வேண்டும். அதனால்தான் அங்கே சக்கரம் வைத்த அலுமினிய ஏணி மேடைகள், ஆள் உயரத்துக்கும் மேலே. நம் நாகசுர மேளத்தில் தாளக்காரர் தவிலுக்குப் பக்கத்திலேயே நிற்பதால் அவருக்குப் பெட்டி தேவைப்படவில்லை. கூடைப்பந்து அரங்கில் தூரம் குறைவு. ஒரு சாண் போதும்.

போடியம் என்ற சொல்லின் வேர் கிரேக்க மொழியில் பாதத்தைக் குறிக்கும் சொல். இதைப் படித்தபோது பாரிஸின் இசையமைப்பாளர் லுல்லி நினைவுக்கு வந்தார். பதினான்காம் லூயி மன்னர் நோய் தேறியதற்காக 1687 ஜனவரியில் நடந்த இசை வழிபாட்டில், கனத்த கோலால் தரையைத் தட்டித் தாளம் போட்டவர் அவர். கோல் தன் பாதத்திலேயே இறங்கியது. புண் அழுகி மார்ச் மாதம் இறந்தார். பால்கூடையை அவ்வளவு கேலி செய்ய வேண்டாம் என்று பாட்டு ஆசிரியை சார்பில் கேட்டுக்கொள்கிறேன். தரையைத் தட்டிய கோல் பிறகு கையில் பிடிக்கும் சிறு குச்சியாக மெலிந்தது. லைப்சிக் நகரில் 1835 முதல் இசையமைப்பாளர் மெண்டெல்சன் குச்சியோடுதான் நின்றார். தட்டும் சத்தம் போனபின் கை தெரிந்தாக வேண்டும். கை தெரிய ஆள் உயர வேண்டும்.

கோடைச் சுற்றுலாவை அர்பானா-ஷாம்பெயினுக்கு வைத்ததற்கும் இந்தப் பெட்டியே காரணம். பூங்காதான் வேண்டும் என்றவர்கள் மன்னிக்க வேண்டும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பேண்டுகளுக்கான ஹார்டிங் கட்டடத்திலேயே சூசா ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஜான் பிலிப் சூசா 1880 முதல் 1892 வரை அமெரிக்க மரீன் படையின் பேண்டை நடத்தியவர். பிறகு சொந்த பேண்டோடு ஊர் ஊராகப் போனவர். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி புது வெள்ளைக் கையுறை போடுவார். பின்வரிசைக்குக் கை தெரிவதற்கு அதைவிட எளிய வழி கிடையாது என்பது என் கணிப்பு. அழகுக்காகத்தான் என்கிறார் தலைவர். 1948 வரை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே பேண்டை வளர்த்த ஹார்டிங்குடன் சூசாவுக்கு இருந்த நட்பால், 1932இல் சூசா இறந்தபின் அவருடைய இசைப் பிரதிகளில் பெரும்பங்கு அங்கே போய்ச் சேர்ந்தது. சூசாவின் அப்பாவும் மரீன் பேண்டில் டிராம்போன் வாசித்தவர் என்றதும் நம் பெண் நிமிர்ந்து நின்றாள்.

திரும்பி வரும் வழியில் அவள் சொன்னது எனக்கு அந்தக் காப்பகத்தைவிடப் பெரிதாகப் பட்டது. பெப் பேண்டில் கையசைப்பவர் ஆட்டத்துக்கு முதுகு காட்டியே நிற்கிறார். ஆனால் பந்து ஆட்டத்தில் இருக்கும்போது வாத்தியம் ஒலிக்கக் கூடாது. நடுவர் விசில் ஊதி ஆட்டம் தொடரும் முன் வெட்டியதுபோல் நிறுத்த வேண்டும். முதுகில் கண் இல்லாதவர் எப்படி நிறுத்துவார்? முன்வரிசையில் ஒருவர் வாசித்துக்கொண்டே களத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவாராம். அந்தப் புருவம் இவள்தான். கடைசி நொடியில் வெற்றிப் பந்து விழுந்தபோதுகூடக் கையசைப்பவர் அதைப் பார்த்தது இவர்கள் முகத்தில்தான்.

இனி செயற்குழுவில் எழுந்த வழக்கு. நன்றிக்கடனாகப் பெட்டியைச் செப்பனிட்டுத் திருப்பித் தருவது என்று தீர்மானித்தோம். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் உப்புத்தாள் எந்திரத்தோடு வந்து, அடிப்பலகையையும் இழைத்து வார்னிஷ் அடித்தால்தான் வேலை முழுமை என்றார். பெயர்களை அழித்துவிட்டு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று துணைத் தலைவி எழுந்தார். ஒன்றரை மணி நேரம் போனது. முடிவில் கம்பளம் மட்டும் புதிது, பக்கங்களுக்குச் சாயம், அடிப்பக்கம் தொடுவதில்லை என்று ஒருமனதாக முடிந்தது. நம் பிள்ளைகளும் அங்கே கையெழுத்திடலாம் என்ற யோசனையை நான் எதிர்த்தேன். அது அவர்கள் பலகை. அதே அளவில் நமக்கென்று ஒரு பெட்டியைப் பொறியாளர் செய்துகொண்டிருக்கிறார். அதன் அடியில் எழுதட்டும். மரத்துக்கும் திருகாணிக்கும் ஆன ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன. உரித்தெடுத்த பழைய கம்பளத்தை என்ன செய்வதென்று இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்கு என் வீட்டுக் கார் கொட்டகையில் இருக்கிறது.

பழைய மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பும் வாரம் அக்டோபரில் வருகிறது. அன்று அவர்கள் அந்தப் பெட்டியில்தான் ஏறுவார்களாம். ஆகவே அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பின்கதவு அகலமாகத் திறக்கும் வேன் வைத்திருப்பவர்கள் உணவுக்குப் பிறகு என்னைப் பார்க்கவும். என் காரில் நுழைத்துப் பார்த்தாயிற்று, நுழையவில்லை.

பணிவுடன்,
செயலாளர்