கோழிக்கூடையை எடுத்து வைத்தவருக்கு நன்றி

கார்த்திகை அடைமழையன்று நாங்கள் கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தோம். கொல்லையில் வைக்கோல் போரை ஒட்டி எங்கள் கருப்புப் பெட்டை அடைகாத்துக்கொண்டிருந்தது. முட்டை பொரிய 21 நாள் வேண்டும். நடுவில் நனைந்து குளிர்ந்துபோனால் அத்தனையும் கூமுட்டைதான்.

திரும்பி வந்து பார்த்தால், கூடை திண்ணை மூலையில் இருக்கிறது. அடியில் பேன் பிடிக்காமலிருக்கப் புதுச் சாம்பல். மேலே சாக்கு. ஒரு கொட்டாங்குச்சியில் கம்பு, இன்னொன்றில் தண்ணீர். இடிக்கு முட்டை கெடக்கூடாதென்று நடுவில் ஓர் இரும்பு ஆணியும் அடுப்புக்கரித் துண்டும் வேறு! இடிக்கும் ஆணிக்கும் என்ன சம்பந்தமோ, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் இவ்வளவு பக்குவம் தெரிந்த கை யாருடையது?

அடைக்கோழி லேசில் தொடவிடாது. எங்கள் பெட்டையிடம் கொத்து வாங்காதவர் தெருவில் குறைவு. மழையில் வேலி தாண்டி வந்து அதையும் தாங்கியவர் யாரென்று விசாரித்தேன், ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. எதிர்வீட்டு அக்கா மட்டும் சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பவர், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

யாராக இருந்தாலும் மிக்க நன்றி. இரண்டு தவிர எல்லா முட்டைகளும் பொரிந்துவிட்டன. வளர்ந்ததும் ஒரு பெட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய சேவலை மட்டும் கேட்காதீர்கள், அதைக் குலசாமிக்கு நேர்ந்துவிட்டிருக்கிறோம்.