கல்யாண மேடையும் பக்கவாட்டு நிழலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த கல்யாண போட்டோகிராபி கட்டுரை கேமரா, லென்ஸ், ட்ரோன் என்று எல்லாம் சொல்லிவிட்டு பிளாஷை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டது. ஆல்பம் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான், அதனால் இந்தக் கடிதம்.

பொண்ணு மாப்பிள்ளையைத் தலையிலிருந்து பாதம்வரை எடுக்க கேமராவைச் செங்குத்தாகத் திருப்புகிறோம், திருப்பியதும் லென்ஸுக்கு மேலே இருந்த பிளாஷ் அதன் பக்கத்துக்கு வந்துவிடுகிறது, பின்னால் கட்டும் அலங்காரத் திரையான பேக்டிராப் முதுகை ஒட்டினாற்போல் இருந்தால் மாப்பிள்ளையின் காதோரம் கரி பூசியது மாதிரி ஒரு கறுப்பு விளிம்பு விழும். பிளாஷைத் தனியே தூக்கிப் பிடித்து, வேண்டியபடி திருப்பி வைக்க உதவும் சட்டமான பிளாஷ் பிராக்கெட் மாட்டினால் கேமரா படுத்தாலும் நிமிர்ந்தாலும் பிளாஷ் லென்ஸுக்கு நேர் மேலேயே இருக்கும், நிழல் கீழே இறங்கி ஆட்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். அந்தக் காலத்து 120 பிலிம் யாஷிகாவில் படமே சதுரம், ரோலுக்கு 12 படம். கேமராவைத் திருப்பும் வேலையே அதில் இல்லை. நீள்சதுரப் படம் எடுக்கும் 35 எம்எம் பிலிம் கேமரா வந்த பிறகு சேர்ந்த தொல்லை இது.

பிளாஷைக் கூரைப் பக்கம் திருப்பி, பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் எடுக்கும் பவுன்ஸ் செய்தால் போதுமே என்பார்கள். வெள்ளைக் கூரை, தாழ்வான ஹால் என்றால் சரி, நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் நம் மண்டபங்களில் கூரை எட்டாத உயரத்தில் இருக்கிறது, வாசல் பந்தலிலோ சிவப்பும் மஞ்சளுமாகத் துணி. அதில் வெளிச்சத்தைத் தட்டித் திருப்பினால் துணியின் நிறம் மொத்தமும் பெண்ணின் முகத்தில்தான் வந்து விழும்.

பிராக்கெட் மாட்டியதும் வெளிச்சம் மென்மையாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம், நிழல் விழும் இடம்தான் மாறும். மென்மை வேண்டுமென்றால் ஒளி வரும் பரப்பு பெரிதாக வேண்டும், அதற்கு பிளாஷுக்கு முன்னால் வெள்ளைத் துணி போர்த்திய பெட்டியான சாப்ட்பாக்ஸோ, வெளிச்சத்தைப் பரப்பும் போட்டோ குடையோதான் வழி. பிராக்கெட்டால் எடையும் கூடும், பிளாஷ், அதற்குள் நாலு பேட்டரி, போதாததற்கு உலோகச் சட்டம் என்று முகூர்த்தம் முடிவதற்குள் மணிக்கட்டு வலித்துவிடும். அப்புறம், கேமரா தலையில் பிளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவை விட்டு பிளாஷ் விலகிவிடுவதால், இரண்டையும் இணைக்கும் டிடிஎல் கேபிளோ, கம்பியில்லாமல் பிளாஷை அடிக்கவைக்கும் ரேடியோ டிரிக்கரோ வேண்டும். கேபிள் லேசாகக் கழன்றாலும் கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் பிளாஷ் அடிக்காது. மேடை ஏறுமுன் கேமராவைத் திருப்பி ஒரு படம், திருப்பாமல் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மண்டப வெளிச்சத்தைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை வெளியிட்டால் புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு மிகவும் உதவும்.

- கல்யாண போட்டோகிராபர் ஒருவர், கும்பகோணம்