வெள்ளவத்தை வாசிப்பறைக்கு உங்கள் பங்கும் வேண்டும்

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

ஒரு பிள்ளைக்குக் கொழும்புக் கம்பஸ் கிடைத்தால் ஊரே மகிழ்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியைத் தாண்ட அந்தப் பிள்ளை பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். உள்ளே போன பிறகு படும் பாடு பலருக்குத் தெரியாது.

உயர்தரம்வரை தமிழில் படித்துவிட்டு விஞ்ஞான பீடத்தின் ஆங்கில விரிவுரையில் போய் உட்காருகிறார்கள். ஒளித்தொகுப்பு என்று மனப்பாடமாய்த் தெரிந்தது அங்கே போட்டோசிந்தசிஸ். விடயம் தெரியும், சொல் பிடிபடாது, எழுந்து கேட்கக் கூச்சம். முதல் செமஸ்டரில் புள்ளி குறைந்ததும் தன்னால் முடியாது என்றே நினைத்துவிடுகிறார்கள். எங்கள் குழுவில் பலர் இந்த வழியாக வந்தவர்கள். குறை அறிவில் இல்லை என்று உறுதியாகச் சொல்வோம்.

1870-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் 1921-இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942-இல் இணைந்து, இன்றைய கொழும்புக் கம்பஸுக்கு முன்னோடியான இலங்கைப் பல்கலைக்கழகம் ஆயின. அதன் முதல் தமிழ்ப் பேராசிரியர் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். அவர் விஞ்ஞானப் பட்டதாரியும்கூட. தமிழில் கலைச்சொற்கள் ஆக்க உழைத்தவர். இந்தப் பிள்ளைகளுக்காக ஒரு வாசிப்பறை அமைக்கும் வேலையில் இறங்கும்போது அவர் நினைவுதான் எங்களுக்கு முதலில் வந்தது.

பல்கலைக்கழகம் என்றால் பாடம் மட்டுமல்ல, ஆய்வும்தான். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் நைத்திரேற்று எப்படிக் கலக்கிறது, மலையகத்தில் மண் ஏன் சரிகிறது என்பதையெல்லாம் அங்கே வளர்ந்த பிள்ளைகள் ஆராய வேண்டாமா? அதற்கு அவர்கள் நான்காம் வருடம்வரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

இலவசக் கல்வியால் படிப்புக்குக் கட்டணம் இல்லை, சரி. போர்டிங் வாடகை, சாப்பாடு, போட்டோகொப்பி எல்லாம் கைக்காசு. ஓர் அறையில் நாலு பேர் இருந்தால் படிக்க மேசைகூட இல்லை.

வெள்ளவத்தையில் ஒரு குடும்பம் தங்கள் மேல்மாடியை வாடகை வாங்காமல் தந்திருக்கிறது. அங்கே மேசை, கதிரை, மின்விசிறி, புத்தக அலுமாரி, இரண்டு கணினி, ஒரு பிரிண்டர் வைக்க வேண்டும். பாடநூல்கள்தான் பெரிய செலவு. மாதாமாதம் மின்கட்டணமும் இணையக் கட்டணமும் இருக்கின்றன. பின்னேரங்களில் மூத்த மாணவர்கள் வந்து முதல் வருடத்தாருக்குத் தமிழில் விளக்கி, ஆங்கிலத்தில் எழுதப் பழக்குவார்கள். அவர்கள் சம்பளம் எதுவும் கேட்கவில்லை.

முடிந்ததைத் தாருங்கள். ஒரு கதிரையின் விலையும் எங்களுக்குப் பெரிது. பணம் இல்லாவிட்டால் பழைய பாடநூல்களைத் தாருங்கள். அப்புறம், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு பின்னேரம் ஒதுக்கினாலும் போதும். ஞாயிறு மாலைகளில் குழுவின் பொருளாளர் வாசிப்பறையில் இருப்பார். எவ்வளவு சிறிய தொகைக்கும் பற்றுச்சீட்டு உண்டு. வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் அறைச் சுவரில் ஒட்டுவோம்.

அன்புடன்,
வாசிப்பறை ஏற்பாட்டுக் குழு,
வெள்ளவத்தை, கொழும்பு 06